மழையில் வைப்பர் மக்கர் செய்தால்: எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

ஐப்பசி முதல் மழை விழுந்த மறுநாள் காலையில் எங்கள் குடியிருப்பில் யாராவது ஒருவர் என் கதவைத் தட்டுவார். "சார், வைப்பர் துடைக்கவே மாட்டேங்குது. புது பிளேடு வாங்கணுமா?" நான் மெக்கானிக் இல்லை. பதினான்கு வருஷமாக ஒரே காரைச் சென்னை வெயிலில் நிறுத்திவைத்து, அதன் வைப்பரோடு மல்லுக்கட்டி வருகிறவன், அவ்வளவுதான். வருஷா வருஷம் வாயால் சொன்னதையே திரும்பச் சொல்லி அலுத்துப்போய், இங்கே எழுதிவைக்கிறேன்.

நம் ஊரில் வைப்பர் சாவது மே மாதத்தில். நமக்குத் தெரியவருவது அக்டோபரில். கோடை முழுக்க ரப்பர் ஒரே பக்கம் மடங்கியபடி கொதிக்கிற கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்காவது பிளேடில் கோளாறே இருக்காது. கண்ணாடி அழுக்காக இருக்கும்.

எந்தக் கோளாறானாலும் முதலில் ஈரத்துணி

காரை நிழலில் நிறுத்துங்கள். பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டை ஒரு வாளித் தண்ணீரில் விட்டு, முன்கண்ணாடியை மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு நல்ல தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் பாய்போல விரிந்து இறங்கினால் கண்ணாடி சுத்தம். முத்து முத்தாக ஒதுங்கி நின்றால் எண்ணெயோ மெழுகோ இன்னும் இருக்கிறது. இன்னொரு தடவை கழுவுங்கள்.

அடுத்து, பிளேடைத் தாங்குகிற வைப்பர் கையைத் தூக்கி, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ரப்பரின் விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இரண்டு மூன்று தடவை உருவுங்கள். கறுப்பு வரும். அது முழுதாக நிற்கும்வரை தேய்க்கக் கூடாது. புது ரப்பர் சிலவற்றில் மேலே கிராஃபைட் பூசியிருப்பார்கள், அதுவும் சேர்ந்து போய்விடும். உருவும்போதே விரல் நுனியில் விளிம்பைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஓடினால் நல்லது. பல்லுப்பல்லாக இடறினாலோ, மடக்கினால் வெடிப்பு தெரிந்தாலோ, கீழே படிக்க வேண்டாம், பிளேடு மாற்றும் பகுதிக்குப் போய்விடுங்கள்.

கோடு கோடாகத் தண்ணீர் நிற்கிறது

கோட்டின் வடிவத்தைப் பாருங்கள். பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

*வில்போல வளைந்த ஒரே ஒரு கோடு, எப்போதும் அதே இடத்தில்.* ரப்பரில் அந்த ஓர் இடத்தில் மணலோ, வேப்பம்பூவோ, காய்ந்த பறவை எச்சமோ மாட்டியிருக்கும். துடைத்தால் சரி. துடைத்த பிறகும் வந்தால் அங்கே ரப்பர் கிழிந்திருக்கிறது.

*மெல்லிய கோடுகள் நிறைய, சீப்பால் வாரியதுபோல.* விளிம்பு தேய்ந்துவிட்டது. பிளேடு மாற்ற வேண்டும். ரப்பரை மட்டும் மாற்றித் தருகிற கடைகளும் இருக்கின்றன. பழைய மாதிரி இரும்புச் சட்ட பிளேடுகளுக்கு அது நல்ல சிக்கனம். சட்டம் துருப்பிடிக்காமலும் மூட்டுகள் இறுகாமலும் இருக்க வேண்டும். துரு தெரிந்தால் ரப்பரை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

*வைப்பர் போகிற பாதைக்குச் சம்பந்தமில்லாமல் நேராகவோ கோணலாகவோ ஒரு கோடு.* அது கண்ணாடியில் விழுந்த கீறல். விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் மாட்டவில்லை என்றால் மேலோட்டமானது, அப்படியே ஓட்டலாம். நகம் மாட்டினால், அதுவும் டிரைவரின் நேர்ப் பார்வையில் இருந்தால், கண்ணாடி வேலை செய்கிற ஆளிடம் காட்டுங்கள். வீட்டில் பாலிஷ் போட்டுக் குழி பறித்துவைத்தால், இரவில் எதிர்வண்டி வெளிச்சம் பட்டதும் அந்த இடம் நெளிநெளியாகத் தெரியும்.

துடைத்த பிறகும் மங்கல்

இதில்தான் அதிகம் பேர் ஏமாந்து பிளேடு வாங்குகிறார்கள். மங்கல் எந்தப் பக்கம் என்று பார்ப்பதில்லை. உள்ளே இருந்தபடி கண்ணாடியில் விரலால் ஒரு கோடு போடுங்கள்.

*கோடு விழுந்தால்* உள்பக்கம் ஆவி படிந்திருக்கிறது. வைப்பருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஏ.சி.யைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள்; ஒரு நிமிஷத்தில் தெளியும். மழையில் நனைந்து வந்து நாலு பேர் ஏறி உட்கார்ந்து, பெட்ரோல் மிச்சம் என்று ஏ.சி.யையும் அணைத்துவிட்டு, வைப்பரை முழு வேகத்தில் ஓட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

*கோடு விழாமல், வைப்பர் ஒரு தடவை போனதும் தெளிந்து சில விநாடியில் மறுபடி மங்கினால்* ஆவி வெளிப்பக்கம். ஏ.சி. குளிர் கண்ணாடியில் நேராக அடித்து, வெளியே இருக்கிற புழுக்கக் காற்று அதன்மேல் வேர்க்கிறது. கடற்கரையோர ஊர்களில் இரவு நேரத்தில் சகஜம். இங்கே வைத்தியம் தலைகீழ்: காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பி, ஏ.சி.யின் குளிரைக் குறையுங்கள்.

*எதிர்வண்டி வெளிச்சம் படும்போது வானவில் மாதிரி ஒரு படலம்.* எண்ணெய். முன்னால் போகிற லாரி, பஸ்ஸின் டீசல் புகையும் தார்ச்சாலைத் தண்ணீரும் சேர்ந்து படிந்தது. அல்லது கார் கழுவும் இடத்தில் பெயின்டுக்குப் போட்ட மெழுகு கண்ணாடிக்கும் வந்திருக்கும். சோப்புக் கழுவலே போதும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துகிற வண்டி என்றால் பிசுக்கு அவ்வளவு சுலபத்தில் போகாது. ஈரத்துணியைப் பத்து நிமிஷம் மேலே போட்டு ஊறவைத்துவிட்டுத் தேயுங்கள்.

*வெள்ளைப் புள்ளிகள்.* போர்வெல் உப்பு. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்து, கண்ணாடியில் மட்டும் ஐந்து நிமிஷம் ஒட்டிவைத்துக் கழுவுங்கள். பெயின்டில் வழிந்தால் உடனே தண்ணீர் ஊற்றிவிடுங்கள். வருஷக்கணக்காக வெயிலில் இறுகிப்போன புள்ளி இதற்கு அசையாது. கார் பாலிஷ் போடுகிறவர்கள்தான் எடுக்க வேண்டும்.

தடதடவென்று துள்ளுகிறது, கிறீச்சிடுகிறது

காய்ந்த கண்ணாடியில் ஓட்டினால் எந்த வைப்பரும் துள்ளும். ஆகவே நல்ல ஈரத்தில் சோதியுங்கள். இன்னொருவரை வெளியே நிறுத்தி மக்கில் தண்ணீர் ஊற்றச் சொல்லலாம். பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: போகும்போது துள்ளுகிறதா, வரும்போதா, இரண்டிலுமா?

இரண்டு பக்கமும் துள்ளினால் கண்ணாடியில் மெழுகோ எண்ணெயோ இருக்கிறது. மறுபடி சோப்பு. மழைநீர் ஒட்டாமல் இருக்க என்று கடையில் விற்கிற திரவத்தைப் பூசியிருந்தாலும் இப்படி ஆவதுண்டு, அதுவும் பூச்சு திட்டுத் திட்டாக இருந்தால்.

ஒரு பக்கம் மட்டும் துள்ளினால் கோணக் கோளாறு. வைப்பர் போகிற திசைக்கு ஏற்ப ரப்பரின் நாக்கு சாய்ந்து இழுபட வேண்டும். திரும்பும்போது டக்கென்று மறுபக்கம் சாய வேண்டும். கோடையில் ஒரே பக்கம் மடங்கி இறுகிய ரப்பர் சாயாது. நட்டுக்க நின்று கண்ணாடியைக் குத்தும், துள்ளும். கையைத் தூக்கி ரப்பரை முனைப் பக்கத்திலிருந்து பாருங்கள். நாக்கு நேராகத் தொங்காமல் ஒரு பக்கம் கோணிக்கொண்டிருந்தால் ரப்பரின் ஆயுசு முடிந்தது.

புது பிளேடு போட்டும் அதே பக்கம் துள்ளுகிறதா? வைப்பர் கை முறுக்கிக்கொண்டிருக்கிறது. கார் கழுவுகிற பையன் துணியை மாட்டி இழுத்திருப்பான், இல்லாவிட்டால் கார் மேல் போடும் உறையைக் கழற்றும்போது மாட்டியிருக்கும். பிளேடைக் கழற்றிவிட்டு, கையின் நுனியைக் கண்ணாடியருகே மெல்லக் கொண்டுவந்து பாருங்கள். நுனியின் தட்டையான பாகம் கண்ணாடிக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் நுனியில் துணியைச் சுற்றி, ஸ்பேனரால் பிடித்து, கடுகளவு எதிர்ப்பக்கம் முறுக்க வேண்டும். இன்னொரு ஸ்பேனரால் கையின் நடுவைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முறுக்கு அடிமூட்டுக்குப் போய்விடும். இரண்டு தடவை முயன்று சரியாகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கையை முறித்தால் புதுக் கை வாங்கும் செலவு.

இந்தச் சத்தத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சத்தம் நிற்கும், சரி. இரவு மழையில் எதிரே ஒன்றும் தெரியாது. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் அதைவிட மோசம். ரப்பர் ஊறி உப்பிவிடும். என் மாமா ஒருவர் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, "பாரு, எப்படிப் பளபளங்குது" என்றார். ஒரு வாரத்தில் அந்த ரப்பர் சட்டத்தைவிட்டு நெளிந்து வெளியே வந்துவிட்டது.

ஒரு பட்டை மட்டும் துடைபடாமல் நிற்கிறது

நடுவில் கையகலத்துக்குத் தண்ணீர் அப்படியே நின்றால், அங்கே ரப்பர் கண்ணாடியைத் தொடவில்லை. சட்ட பிளேடில் மூட்டுகள் இறுகியிருக்கும். கையில் வைத்து வளைத்துப் பாருங்கள், எல்லா மூட்டும் லேசாக ஆட வேண்டும். சட்டமில்லாத தட்டை பிளேடில், அதன் வளைவு உங்கள் கண்ணாடி வளைவுக்கு ஒத்துவராமல் இருக்கும், குறிப்பாக முனைகளில். அதைச் சரிசெய்ய வழியில்லை, வேறு பிளேடுதான்.

மெதுவாகப் போகும்போது சரியாகத் துடைத்து, நெடுஞ்சாலையில் எண்பதைத் தாண்டியதும் தூக்கிக்கொண்டால் கையின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். இரண்டு கையையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடத் தொளதொளவென்று வந்தால் அதுதான். கையின் அடிமூட்டில் துரு ஏறியிருந்தாலும் ஸ்பிரிங்கின் அழுத்தம் கண்ணாடிக்குப் போய்ச் சேராது. மூட்டில் டபிள்யூ.டி-40 அடித்துப் பத்துத் தடவை தூக்கி இறக்கினால் சில சமயம் சரியாகும். கண்ணாடியில் தெறித்ததைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

கண்ணாடியையே மாற்றிய பிறகு இந்தப் பட்டை வர ஆரம்பித்திருந்தால், மாற்றியவரிடமே திரும்பப் போங்கள். வளைவு துல்லியமாக இல்லாத கண்ணாடிக்கு எந்த பிளேடும் பொருந்தாது.

ஆடவே இல்லை

மழை நடுவே என்றால் முதலில் நாலு பக்க இண்டிகேட்டரையும் போட்டு, பங்க், சுங்கச்சாவடி, ஓட்டல் என்று வெளிச்சமுள்ள இடமாகப் பார்த்து ஒதுங்குங்கள். பழைய லாரி டிரைவர்கள் கண்ணாடியில் புகையிலையைத் தேய்த்துவிட்டு ஓட்டுவார்கள். தண்ணீர் முத்தாக நிற்காமல் வழிந்து போகும் என்பது உண்மைதான். ஒதுங்க இடம் தேடி ஊர்ந்து போக உதவும். அதை நம்பி ஊர்போய்ச் சேர நினைக்கக் கூடாது.

நின்றபிறகு சாவியைப் போட்டு, வைப்பர் ஸ்விட்சைத் தட்டிவிட்டுக் காதைக் கொடுங்கள்.

*மோட்டார் சத்தம் கேட்கிறது, ஒரு கை மட்டும் ஆடவில்லை.* பெரும்பாலும் கையின் அடியில் இருக்கும் நட்டு தளர்ந்திருக்கும். மேலே பிளாஸ்டிக் மூடி இருக்கும், நெம்பினால் வந்துவிடும். 12, 13, 14 நம்பர் ஸ்பேனரில் ஏதோ ஒன்று பொருந்தும். கையை அது நிற்க வேண்டிய இடத்தில் வைத்து இறுக்குங்கள். அந்த இடம் நினைவில்லையா? கார் கண்ணாடியை உற்றுப் பாருங்கள், வைப்பர் நாள்கணக்கில் படுத்துக்கிடந்த தடம் தெரியும். இறுக்கியும் வழுக்கினால் கைக்குள் இருக்கும் பல் தேய்ந்துவிட்டது; கையை மாற்ற வேண்டும்.

*மோட்டார் சத்தம் கேட்கிறது, இரண்டும் ஆடவில்லை.* உள்ளே மோட்டாரையும் கைகளையும் இணைக்கிற கம்பி கழன்றிருக்கும். கம்பி சேரும் இடத்தில் ஒரு குண்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். கிண்ணம் தேய்ந்தால் குண்டு நழுவும். திண்டிவனம் தாண்டி ஒரு நவம்பர் இரவில் எனக்கு இது நடந்தது. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, செல்போன் வெளிச்சத்தில் கையைவிட்டுத் துழாவினேன். கம்பி அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கிண்ணத்தைக் குண்டின்மேல் வைத்து அழுத்தினால் டக்கென்று உட்கார்ந்தது. மறுபடி நழுவாமல் இருக்க ஒரு கேபிள் டையைச் சுற்றி இறுக்கினேன். வீடுவரை தாங்கியது. கையை உள்ளே விடுவதற்கு முன் சாவியை எடுத்துவிடுங்கள். வைப்பர் கம்பி விரலைப் பார்த்து நிற்காது. கேபிள் டை வீட்டுக்கு வர மட்டும்தான். புதுக் கம்பித் தொகுதி விலை அதிகமாகப்பட்டால், சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பாகத்துக்கு விசாரிக்கலாம். வாங்கும்போது குண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்றால் அதுவும் சீக்கிரம் நழுவும்.

*சத்தமே இல்லை.* ஃப்யூஸைப் பாருங்கள். எது வைப்பருடையது என்று ஃப்யூஸ் பெட்டியின் மூடியிலோ, காரோடு வந்த கையேட்டிலோ இருக்கும். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். கூடுதல் ஆம்பியர் போட்டால் அடுத்து எரிவது வயர். புது ஃப்யூஸும் உடனே போனால் நம் வேலை அங்கே முடிந்தது, ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஃப்யூஸ் நன்றாக இருந்தும் ஓடவில்லை என்றாலும் அவர்தான்: ரிலே (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சின்னப் பெட்டி), ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச், மோட்டார் என்று வரிசையாகச் சோதிப்பார். கேட்டதுமே "மோட்டார் போச்சு" என்கிறவரிடம், மோட்டாருக்கு வருகிற வயரில் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்ட் லாம்பை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நான் இதைச் சொல்லப்போய் ஒரு முறை ரிலே மாற்றும் செலவோடு பிழைத்தேன்.

மெதுவாக நகர்கிறது, பாதியில் நிற்கிறது

இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். ஓடும்போது வேகம் சரியாகிவிட்டால் பேட்டரி சோர்ந்திருக்கிறது, வைப்பரைக் குறைசொல்ல வேண்டாம். அப்போதும் ஊர்ந்தால் இணைப்புக் கம்பியின் மூட்டுகளில் துரு. அந்தக் கறுப்பு மூடிக்குக் கீழே குப்பை இலை அடைத்து, தண்ணீர் வடியும் துளை மூடி, குளம் கட்டி நிற்பதால் வருகிற வினை இது. இலைகளை அள்ளி, ஒரு மக் தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று பார்த்துவிட்டு, மூட்டுகளுக்கு மெக்கானிக்கிடம் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். தீய்ந்த வாடை வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். இழுக்க முடியாமல் இழுத்து மோட்டார் எரிகிறது.

ஸ்விட்சை அணைத்ததும் கீழே போய்ப் படுக்காமல் நின்ற இடத்திலேயே நின்றால், அது மோட்டாருக்குள் இருக்கும் ஒரு தொடர்பின் கோளாறு. ஆபத்தில்லை. சரியான நொடியில் அணைத்துப் பழகிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. வாடகை வண்டியானால் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும் முன் சரிசெய்துவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் வைப்பருக்கென்றே தனி விதி இருக்கிறது.

தண்ணீர் பீய்ச்சவில்லை

தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், பாதிக் கேஸ் இதுதான். இருந்தால், ஸ்விட்சை இழுக்கும்போது 'உய்ங்' என்று பம்ப் சத்தம் வருகிறதா கேளுங்கள். வந்தால் போனட்டைத் திறந்து குழாய் கழன்றிருக்கிறதா பாருங்கள், எலி கடித்திருப்பதும் உண்டு. குழாய் நன்றாக இருந்தால் தண்ணீர் பீய்ச்சும் மூக்கில் அடைப்பு; குண்டூசியால் மெல்லக் குத்துங்கள். சத்தம் வரவில்லை என்றால் ஃப்யூஸ், பிறகு பம்ப்.

அடைப்பு வருவது நாம் ஊற்றுகிற தண்ணீரால். போர்வெல் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. கழிவு நீர் இன்னும் வேண்டாம், உப்பெல்லாம் சேருகிற இடமே அதுதான். வீட்டு ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றுகிறேன். செலவில்லை, உப்பும் இல்லை. ஷாம்பு பாக்கெட்டைப் பிரித்து முழுதாகக் கொட்டுகிறவர்களுக்கு நுரைதான் மிஞ்சும். இரண்டு சொட்டு போதும்.

பிளேடு மாற்றுவது

வாங்குமுன் பழைய பிளேடை நீளவாக்கில் அளந்துகொள்ளுங்கள். கடையில் அங்குலத்தில்தான் பேச்சு. டிரைவர் பக்கமும் மறுபக்கமும் பெரும்பாலான கார்களில் வேறு வேறு நீளம். டாடா நானோ, டொயோட்டா எட்டியோஸ் மாதிரி முன்னால் ஒற்றை வைப்பர் உள்ளவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. நீளம் கூடினால் நல்லது என்று பெரிதாக வாங்காதீர்கள். இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளும், அல்லது ஓரத் தூணில் இடிக்கும். கையின் நுனி கொக்கியா, பொத்தான் அழுத்துகிற வகையா என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனால் சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைக்காரர் பார்த்ததும் எடுத்துத் தருவார். வருஷத்துக்கு ஒரு தடவை, செப்டம்பர் கடைசியில் மாற்றுவது என் கணக்கு. ஏப்ரலில் புதுசு போட்டால் அதையும் வெயில் தின்றுவிடும்.

முன்கண்ணாடியின்மேல் தடித்த துண்டை நாலாக மடித்து விரியுங்கள். இதைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். பிளேடு இல்லாத வெறும் கை ஸ்பிரிங் வேகத்தில் கண்ணாடியில் விழுந்தால் சுத்தியல் அடித்த மாதிரி. என் காரின் இடப்பக்கக் கீழ்மூலையில் சிலந்திவலை மாதிரி ஒரு விரிசல் இருந்தது; துண்டு எடுக்கச் சோம்பல்பட்டதன் அடையாளம். அது மெல்ல மெல்ல நீண்டு, கடைசியில் கண்ணாடியையே மாற்றினேன்.

கைகள் போனட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் வண்டிகளில் அவற்றை அப்படியே தூக்க முடியாது. போனட் விளிம்பில் இடித்துப் பெயின்ட் போகும். வைப்பரைக் கண்ணாடி நடுவே நிறுத்திக்கொள்ளும் முறை கையேட்டில் இருக்கும், பாருங்கள்.

கொக்கி வகையில், கையைத் தூக்கி பிளேடைக் குறுக்காகத் திருப்புங்கள். நடுவில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். அதை அழுத்தியபடி பிளேடைக் கையின் அடிப்பக்கமாகத் தள்ளினால் கொக்கியிலிருந்து விடுபடும். வருஷக்கணக்கில் கழற்றாதது என்றால் அடம்பிடிக்கும், தள்ளுங்கள், நெம்பாதீர்கள். புதியதை அதே வழியில் எதிர்த்திசையில் இழுத்தால் 'டிக்' என்று உட்காரும். 'டிக்' கேட்கவில்லை என்றால் பொருந்தவில்லை. கூட வந்த வேறு பிளாஸ்டிக் துண்டைப் போட்டுப் பாருங்கள். உட்கார்ந்ததும் நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, துண்டை எடுத்து, கையைப் பிடித்தபடியே மெதுவாகக் கண்ணாடியில் படுக்கவைத்து, தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பாருங்கள்.

போன வருஷம் மூன்றாவது மாடிக்காரர் புது பிளேடு போட்டுவிட்டு, பழையதைவிட மோசம் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தார். போய்ப் பார்த்தேன். ரப்பர் விளிம்பைப் பாதுகாக்க மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலேயே இரண்டு நாள் மழையில் ஓட்டியிருந்தார். உருவி எடுத்ததும், "இதை எடுக்கணும்னு அதுல எழுதியிருக்க வேணாமா சார்?" என்றார். உறையைத் திருப்பிக் காட்டினேன். எழுதியிருந்தது.